இராபர்ட் ஹூடின்: தவறி வந்த நூலாற் கலைஞரானவர்

கல்வியின் எத்துறையிற் புகுவோர்க்கும் முதற்கண் எதிர்ப்படும் வினா ஒன்றுண்டு. எந்நூலைக் கற்பது, எவரை அடுத்துக் கேட்பது என்பதே அது. இலக்கணமும் இலக்கியமும் பயிலும் நமக்கு இவ்வினாவிற்கு விடையளிக்கப் பேராசிரியர்கள் உளர், பாடத்திட்டம் உளது, நூல்நிலையம் உளது. ஆனால் கற்பிப்பார் எளிதிற் கிடையாத கலைகளும் சில உலகில் உண்டு. காசைக் கையிற்கொண்டு, காண்போர் கண்முன்னரே அதனை மறைத்தும் மீளத் தோற்றுவித்தும் மகிழ்விக்கும் செப்பிடுவித்தை அத்தகையது. சென்ற விடுதி விழாவில் மாணவர் ஒருவர் இவ்வித்தையிற் சில காட்டினார். அது கண்டு தாமும் பயில விழைந்த நண்பர் பலர், கடைகளில் விற்கும் வித்தைப் பெட்டிகளையும் விலை மலிந்த சிறு புத்தகங்களையும் வாங்கிக் குவித்தனர். ஒரு திங்கள் கழியுமுன் அவற்றை மூலையில் எறிந்தனர். அவர்தம் ஊக்கம் தளர்ந்தமைக்குக் காரணம் அறிவின்மையன்று; தொடங்கும் வழி அறியாமையே. அவ்வழியைத் தம் வாழ்க்கையாற் காட்டிச் சென்ற பெரியார் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றேன். அவர் பிரஞ்சு நாட்டு ஜீன் யூஜின் இராபர்ட் ஹூடின் என்பவர்.

பிறப்பும் இளமையும்

பிரஞ்சு நாட்டில் லுவார் ஆற்றின் கரையில் ப்ளுவா என்னும் பழம்பதி ஒன்றுளது. அவ்வூரிற் கடிகாரத் தொழில் செய்து வாழ்ந்த பிராஸ்பர் இராபர்ட் என்பார்க்கு, 1805-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் நம் தலைவர் மகனாய்த் தோன்றினார். இளமையிலேயே அன்னையை இழந்தார். பதினோராம் வயதில் ஓர்லியான் நகரத்துப் பள்ளிக்கு அனுப்பப்பெற்றுப் பதினெட்டாம் வயதிற் படிப்பை முடித்து மீண்டார். தந்தையார் தம் மகன் தம்மைப்போல் அரமும் இடுக்கியுமாய் உழலாது, சட்டத்துறையிற் புகுந்து மேன்மையுறல் வேண்டுமென்று விரும்பினார். அவ்விருப்பிற்கிணங்கி மைந்தர் சட்ட அலுவலகத்தில் எழுத்தராய் அமர்ந்தார். ஆயினும் பத்திரங்களைப் படியெடுக்கும் கைகள் பற்சக்கரங்களையே நாடின. இயல்பாய் எழுந்த நாட்டத்தைத் தடுத்தல் அரிதென்று உணர்ந்த தந்தையார் பின்னர் இசைந்தனர். அவர் அதற்குள் தம் தொழிலினின்று ஓய்வு பெற்றுவிட்டமையால், உறவினர் ஒருவரிடம் கடிகாரத் தொழில் பயில மைந்தர் அமர்த்தப்பெற்றார்.

தவறி வந்த நூல்

தொழிலைக் கையாற் பயின்றதனோடு அமையாது, நூலாலும் தெளிய விரும்பினார் அவ்விளைஞர். கடிகாரக் கலையிற் பெரும்புகழ் வாய்ந்த பெர்த்தூ என்பார் இயற்றிய நூல் இரண்டு தொகுதிகளாய் வெளிவந்திருந்தது. அதனை வாங்கும்பொருட்டுச் சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்துப் புத்தகக் கடைக்குச் சென்றார். கடைக்காரர் கட்டிக் கொடுத்த பொதியை இல்லங்கொணர்ந்து அவிழ்த்து நோக்கியபோது, உள்ளே இருந்தவை வேறு இரு தொகுதிகள். அறிவியல் விளையாட்டுக்களையும் செப்பிடுவித்தைகளையும் விளக்கும் நூல் அது. தவறிய பொருளைத் திருப்பித் தருதலே உலக வழக்கு. அவரோ திருப்புமுன் ஓரிரு பக்கம் பார்ப்போமென்று திறந்தார், திறந்தவர் மூடினாரல்லர். கடிகாரத்தின் உள்ளுறுப்பை அறிய விரும்பிய உள்ளத்திற்கு, வியப்பின் உள்ளுறுப்பை அறியும் வாயில் அன்று திறந்தது. பிற்காலத்து இந்நிகழ்ச்சியைத் தம் வாழ்க்கையின் திருப்பமாக அவரே எழுதி வைத்துள்ளார்.

இவ்வளவிற் கதையை நிறுத்துவோர், நல்லூழே அவரைக் கலைஞராக்கியது என்பர். அது பொருந்தாது. நூல் கிடைத்தது தற்செயல். நூலின் குறையைக் கண்டது அவர்தம் அறிவு. அந்நூல் ஒவ்வொரு வித்தைக்கும் மறைபொருள் இன்னதென்று கூறிற்று. அதனைச் செய்யுமாறு கூறிற்றில்லை. காசு வலக்கையினின்று இடக்கைக்குச் சென்றதாகத் தோன்றும், ஆனால் உண்மையில் வலக்கையிலேயே தங்கும் என்று சொல்லுதல் எளிது. எவ்விரலை எப்பொழுது மடக்குவது, கண் எங்கே நோக்குவது, தங்கிய கை எவ்வாறு வெறுங்கைபோற் கிடப்பது என்பவற்றைச் சொல்லாவிடின், அவ்விளக்கம் மாணாக்கனுக்குப் பயன்படாது. மறைபொருளை அறிதல் வேறு, கலையை அறிதல் வேறு என்னும் இவ்வேற்றுமையை அவர் இளமையிலேயே உணர்ந்தார். தொடங்குவோர் பலர் இடறி வீழும் இடமும் இதுவே.

பத்துப் பிராங்கு ஆசான்

நூலில் இல்லாததனை ஆசானிடம் தேட எண்ணினார். அவ்வூரில் மவூ என்னும் பெயருடையார் ஒருவர் இருந்தார். கால் ஆணி களைந்து மருத்துவஞ் செய்தல் அவர் தொழில். சந்தைகளிலும் செல்வர் இல்லங்களிலும் வித்தை காட்டல் அவர்க்குத் துணைத் தொழில். பெயர் பெற்ற கலைஞரல்லர். ஆயினும் கையறிந்த கலைஞர். அவரிடம் பத்துப் பிராங்கு கொடுத்துப் பாடங் கேட்க ஒப்பந்தஞ் செய்துகொண்டார் இராபர்ட்.

ஆசான் முதலிற் கற்பித்தது மறைபொருள் யாதும் இல்லாத ஒன்று. பந்துகளை மேலெறிந்து பிடிக்கும் பயிற்சியே அது. கண்ணும் கையும் ஒன்றுபட்டாலன்றி எவ்வித்தையும் கைகூடாதென்பது அவர் கருத்து. ஒரு திங்களில் மாணாக்கர் நான்கு பந்துகளை ஒருங்கே ஆட்டும் திறமை எய்தினார். அதனோடு நில்லாது, எதிரே ஒரு புத்தகத்தை வைத்துப் பந்துகள் மேலெழுந்து வீழ்ந்துகொண்டிருக்கவே தடையின்றிப் படிக்கவும் பழகினார். கை தன் தொழிலைத் தானே செய்ய, மனம் வேறொன்றில் நிற்கும் இந்நிலையே செப்பிடுவித்தைக்கு அடிப்படையாம். இதன்பின் கிண்ணமும் உண்டையுங்கொண்டு ஆடும் ஆட்டத்தைப் பயின்றார். நம் தமிழ் வழக்கிலும் இக்கலை செப்பு என்னும் சிறு கிண்ணத்தின் பெயராலேயே வழங்குதல் நோக்கற்பாலது.

காசும் சட்டைப்பையும்

பாடங்கள் முடிந்தன, பயிற்சி முடியவில்லை. கடிகாரப் பட்டறையிற் பகல் முழுதும் உழைப்பவர்க்குப் பயிற்சிக்கெனத் தனிப்பொழுது ஏது? அவர் பொழுதைத் தேடாது, இருந்த பொழுதையே பயிற்சியாக்கினார். இருபுறமும் பை தைத்த மேலங்கி ஒன்றை அணிந்து, தெருவில் நடக்குங்கால் கைகளைப் பைக்குள் இட்டு, அங்கே காசையும் சீட்டையும் ஓயாது கையாண்டார். உணவருந்தும்பொழுதும் ஒரு கை உணவெடுக்க, மறு கை மறைவிற் பயிற்சி செய்துகொண்டிருந்தது.

காசை உள்ளங்கையில் மறைத்தல் என்னும் அடிப்படைத் தொழிலை ஈண்டு விளக்குதல் நலம். உள்ளங்கையின் நடுவே காசை வைத்துப் பெருவிரலின் அடியிலுள்ள தசையைச் சிறிதே சுருக்கின், காசின் விளிம்பு இருபுறத்துத் தசைகளுக்கிடையே பற்றிக்கொள்ளும். கையைக் கவிழ்த்தாலும் அது வீழாது. இவ்வளவும் ஒரு நாழிகையில் அறியலாம். அவ்வாறு பற்றிய கை விறைக்காது, விரல்கள் இயல்பாய் நெகிழ்ந்திருந்து, மற்றொரு பொருளை எடுத்தல் வைத்தல் செய்யுமாறு பழக்குதற்கே திங்கள் பல வேண்டும். அக்காலத்துப் பிரஞ்சு நாட்டில் வழங்கிய 5 பிராங்கு வெள்ளிக்காசு 37 மில்லிமீட்டர் குறுக்களவுடையது. இத்தொழிற்கு மிக ஏற்றது. நம் நாட்டு 10 ரூபாய்க் காசு 27 மில்லிமீட்டர் அளவினதே. ஆகலின் நூலிற் கூறிய முறை தம் கைக்கும் தம் காசுக்கும் பொருந்துமாறு ஒவ்வொருவரும் திருத்திக்கொள்ளல் வேண்டும்.

பாரிஸ் வாழ்க்கை

டொரினி என்னும் மாயவித்தைக்காரர் ஒருவர் நோயுற்ற தம்மைக் காத்துத் தம்முடன் ஊரூராய் அழைத்துச் சென்று கலை கற்பித்ததாக ஹூடின் தம் வரலாற்று நூலில் விரிவாய் எழுதியுள்ளார். ஆயின், அப்படி ஒருவர் இருந்ததற்குப் பிற்கால ஆராய்ச்சியாளர் சான்று காணாராய், அது கற்பனையே ஆதல் கூடுமென்று கருதுகின்றனர். சிறந்த ஆசான் ஒருவரை வாழ்வில் பெறாதவர், தம் நூலிலேனும் ஒருவரைப் படைத்துக்கொண்டார் போலும்!

1830-ஆம் ஆண்டில், ப்ளுவாவிற் பிறந்து பாரிஸிற் கடிகாரத் தொழில் செய்துவந்த ஹூடின் என்பாரின் மகளாரை மணந்து, மாமனார் பெயரைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்டார். பாரிஸில் ரூஜோல் என்னும் முதியவர் வித்தைக் கருவிகள் விற்கும் சிறு கடை ஒன்று வைத்திருந்தார். அக்கடையிற் பொருள் வாங்குவோர் சிலர். கூடிப் பேசுவோர் பலர். ஊர்ப்புறத்து இளைஞர் அங்கே வல்லுநர் பலரைக் கண்டார், அவர்தம் உரைகளைக் கேட்டார், கைகளை நோக்கினார். நூலும் ஆசானும் தந்த பயிற்சியை ஒத்தார் கூட்டம் நிறைவாக்கிற்று.

பகலிற் கடிகாரங்களும் தாமே இயங்கும் பாவைகளும் செய்தார். எழுதவும் வரையவும் வல்ல பாவை ஒன்றை அவர் இயற்றி 1844-ஆம் ஆண்டுப் பாரிஸ் பொருட்காட்சியில் வைக்க, அது வெள்ளிப் பதக்கம் பெற்றது. ஆயினும் இவ்வாண்டுகள் துயர் நிறைந்தவை. மக்கள் எண்மரில் மூவரே பிழைத்தனர். 1843-இல் மனைவியார் இறந்தனர். இளங்குழந்தைகளின்பொருட்டு மறுமணஞ் செய்துகொண்டார்.

அரங்கேற்றம்

1845-ஆம் ஆண்டு ஜூலை 3-ஆம் நாள், பாலே ரோயால் என்னும் இடத்தில் ஏறத்தாழ 200 பேர் அமரத்தக்க சிறு அரங்கில் தம் காட்சியைத் தொடங்கினார். அக்காலத்து வித்தைக்காரர் பலர் நீண்ட அங்கியும் கூர்ந்த தொப்பியும் அணிந்து, மேசைகளைத் தரைவரை துணியால் மூடிப் பளபளக்கும் கருவிகளை அடுக்கிக் காட்டுவர். ஹூடினோ விருந்திற்குச் செல்லும் நன்மகன் உடுக்கும் உடையில் வந்தார். அரங்கை ஒரு வரவேற்பறைபோல் எளிதாய் அமைத்தார். மறைக்க இடமில்லாத இடத்தில் மறைத்துக் காட்டுதலே கலையென்பது அவர் துணிபு.

முதல் நாள் வெற்றி தரவில்லை. அவையச்சத்தால் விரைந்தும் ஒரே ஓசையிலும் பேசித் தடுமாறினார். மனமுடைந்து அரங்கை மூடிவிட எண்ணியபோது, நண்பர் ஒருவர் அவ்வெண்ணம் தக்கதே என்றும், தொடங்கியதே அறியாமை என்றும் ஒப்பினார். அவ்வொப்புதலே அவரைத் தட்டி எழுப்பிற்று, மீண்டும் முயன்றார். நாளடைவிற் சொல் அமைந்தது, கை அமைந்தது, கூட்டமும் பெருகிற்று. பூத்துக் காய்க்கும் ஆரஞ்சுச் செடி முதலிய காட்சிகள் பாரிஸ் நகரத்தை வியப்பில் ஆழ்த்தின.

1846-இல் தம் மைந்தர் எமிலுடன் காட்டிய இரண்டாம் பார்வை என்னும் காட்சி அவர் புகழை உயர்த்திற்று. மைந்தர் கண் கட்டப்பட்டிருக்க, அவையோர் தந்தையிடம் கொடுக்கும் பொருள்களை இன்னவை என்று உரைப்பார். இதற்கு முன்னீடாகத் தந்தையும் மைந்தரும் தெருவிற் சென்று, ஒரு கடையின் கண்ணாடிப் பலகணியை நடந்தவாறே ஒருமுறை நோக்கி, அப்பாற் சென்று கண்ட பொருள்களைத் தாளில் எழுதுவர். பின் மீண்டு ஒப்பிடுவர். தந்தை முப்பது எழுதுமிடத்து மைந்தர் நாற்பது எழுதினாராம். ஆசானாக மாறிய தந்தை, மறைபொருளைச் சொல்லிக் கொடுக்குமுன் ஆற்றலைப் பயிற்றினார். மவூ பந்துகளால் தமக்குச் செய்ததனையே அவர் தம் மகனுக்குப் பலகணிகளாற் செய்தார்.

அல்ஜீரியப் பயணம்

1856-ஆம் ஆண்டில் பிரஞ்சு அரசு அவரை அல்ஜீரியாவிற்கு அனுப்பிற்று. அந்நாட்டு மக்களிடையே சமயப் பெரியார் சிலர் அற்புதங்கள் காட்டிச் செல்வாக்குப் பெற்றிருந்தனரென்றும், அதனால் அந்நியராட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி எழுமென்றும் ஆட்சியாளர் அஞ்சினர். அவர்களினும் பிரஞ்சுக்காரரே வல்லாரெனக் காட்டுதல் அப்பயணத்தின் நோக்கம். ஹூடின் அங்கே காசுகளைக் கையினின்று மறையச் செய்து தொங்கவிட்ட கண்ணாடிப் பேழைக்குள் தோற்றுவித்தார். சிறுவனும் தூக்கத்தக்க சிறு பெட்டியொன்றை வலியான் ஒருவன் அசைக்கவும் இயலாதபடி மின்காந்த ஆற்றலால் தரையோடு பற்றச் செய்தார். கண்டோர் அஞ்சினரென அவரே எழுதியுள்ளார். பின்னர் மொழிபெயர்ப்பாளர் வாயிலாக, இவையெல்லாம் பயிற்சியால் விளைந்தனவே என்று அவர்கட்கு விளக்கியதாகவுங் கூறுகின்றார்.

இச்செயலை அவர்தம் நாட்டார் பலர் போற்றினர். அந்நியராட்சியின் துன்பத்தை அறிந்த நாட்டிற் பிறந்த நாம் அவ்வாறு போற்றுதற்கில்லை. மகிழ்விக்கப் பிறந்த கலை, மக்களை அச்சுறுத்தி அடக்குங் கருவியாகப் பயன்பட்டது. அறிவு எத்துணைச் சிறந்ததாயினும், அது எவர்பொருட்டுப் பயன்படுகின்றது என்னும் வினா அதனைத் தொடர்ந்தே நிற்கும். நம் தலைவரின் வாழ்வில் இம்மாசினை மறையாது உரைத்தலே வரலாற்றிற்கு அழகாம்.

நூலாசிரியர்

ப்ளுவாவை அடுத்த சேன் ஜெர்வே என்னும் சிற்றூரில் தமக்கென அமைத்த இல்லத்தில் அவர் முதுமையைக் கழித்தார். வாயிற்கதவு மின்னாற்றலாற் திறந்தது. கடிகாரங்களெல்லாம் மின்கம்பியால் ஒருமித்து இயங்கின. ஆயினும் அவ்வில்லத்திற் பிறந்தவற்றுட் சிறந்தவை அவர்தம் நூல்களே. 1858-இல் தம் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். 1861-இற் சீட்டாட்டத்தில் ஏமாற்றுவோர் செய்யும் வஞ்சங்களை வெளிப்படுத்தி ஒரு நூல் எழுதினார். 1868-இற் செப்பிடுவித்தையின் மறைகளைக் கற்பிக்கும் நூலை வெளியிட்டார்.

இளமையில் தமக்குக் கிட்டாத நூலை முதுமையில் தாமே இயற்றினார் என்பதே இதன் சிறப்பு. வித்தை எதுவென்று கூறுவதோடு அமையாது, கை எவ்வாறு பழகல் வேண்டும், சொல் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பவற்றை முறையாக விளக்கினார். இக்கலைக்கு முதலிலும் இடையிலும் முடிவிலும் வேண்டப்படுவது கைத்திறனே என்று வலியுறுத்தினார். வித்தைக்காரன் கூறுவது புனைந்துரையே ஆயினும், கூறும்பொழுது அதனைத் தானே நம்புவான்போல் அதன் உணர்ச்சியிற் புகுதல் வேண்டும் என்றும் கற்பித்தார். ஹாப்மன் என்னும் புனைபெயர் பூண்ட ஆங்கிலேய வழக்கறிஞர் ஏஞ்சலோ லூயிஸ், 1876-இல் தாமே இக்கலை பற்றிப் பெருநூல் ஒன்று எழுதினார். 1878-இல் ஹூடினின் நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அதனால் கடலுக்கு அப்பாலும் அவர் ஆசானாயினார்.

முடிவு

1870-இற் பிரஞ்சு நாட்டிற்கும் பிரஷ்யாவிற்கும் போர் மூண்டது. படைத்தலைவராய்ச் சென்ற மைந்தர் யூஜின் போரிற் காயமுற்று மாண்டார். பகைவர் படை ப்ளுவாவை அணுகவே, முதியவர் குடும்பத்துடன் இல்லத்தருகிலிருந்த குகையில் மறைந்து வாழ நேர்ந்தது. மகனை இழந்த துயரும் தளர்ந்த உடலும் ஒன்றுசேர, நுரையீரல் நோயால் 1871-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள், தம் அறுபத்தைந்தாம் வயதில் இயற்கை எய்தினார். எத்தனையோ பொருளை மறைத்து மீளத் தோற்றுவித்த அக்கைகள், மறைந்த மகனை மீட்க மாட்டாது ஓய்ந்தன.

அவர்தம் வரலாற்று நூலை அமெரிக்காவில் எரிக் வைஸ் என்னும் இளைஞர் படித்து, அதனால் ஈர்க்கப்பெற்றுத் தம் பெயரையே ஹூடினி என மாற்றிக்கொண்டார். உலகப்புகழ் எய்தியபின் 1908-இல், தம் ஆசானின் பெருமை பொய்யென்று வாதித்து ஒரு நூலும் எழுதினார். அவ்வாதங்களைப் பிற்காலத்தார் முற்றும் ஏற்றிலர். 1888-இல் ஹூடின் அரங்கை வாங்கிய ஜார்ஜ் மெலியே, அங்கே கற்ற மாயங்களைத் திரைப்படக் கலைக்குக் கொண்டுசென்றார். 1998-இல் ப்ளுவா நகரில் அவர் நினைவாக மாயவித்தை மாளிகை ஒன்று திறக்கப்பெற்றது.

நாம் கொள்ளத்தக்கது

நண்பர்களே, இவ்வரலாற்றினின்று காசு வித்தை பயிலப் புகுவோர் அறியத்தக்கன யாவை? மறைபொருளை மட்டும் விற்கும் பெட்டியையும் புத்தகத்தையும் விலக்குக. கையின் நிலையை அடிதோறும் விளக்கும் நூல் ஒன்றைத் தேர்க. ஹாப்மன் நூலும், 1952-இற் போபோ என்பார் காசு வித்தைக்கெனவே இயற்றிய ஆங்கில நூலும் அத்தகையன. இக்காலத்து அசையும் படங்களாலும் இக்கலை கற்பிக்கப்படுகின்றது. அவற்றுள்ளும் வியப்பூட்டி நிற்பன பல, கற்பிப்பன சில. நூலால் விளங்காத இடத்தை, பெயர் பெறாதவரேனும் கையறிந்த ஒருவரிடம் கேட்க. நூறு வித்தைகளை நாடாது, காசை மறைத்தல், மாற்றுதல் முதலிய நான்கைந்தைக் கண்ணாடி முன் பழகுக. செய்யப்போவதை முன்னர்ச் சொல்லற்க. செய்ததனை அதே அவையில் மீண்டும் செய்யற்க. இவ்விரண்டும் ஹாப்மன் வகுத்த விதிகள்.

இவ்வறிவுரை காசு வித்தைக்கு மட்டுமோ? தேர்வு அணுகும் நாளிற் சுருக்கக் குறிப்புக்களைத் தேடி ஓடும் நாமும், விடை இன்னதென்று சொல்லும் புத்தகத்தையே வாங்குகின்றோம்; விடை காணுமாறு கற்பிக்கும் நூலை விட்டுவிடுகின்றோம். சூத்திரத்தின் பொருளை மனப்பாடஞ் செய்வோன் மறைபொருளை அறிந்தவன். செய்யுளில் அதனைத் தானே கண்டு காட்டுவோன் கலையை அறிந்தவன். இரண்டிற்கும் இடையேயுள்ள தொலைவைக் கடப்பதற்குக் குறுக்குவழி இல்லை. ப்ளுவா நகரத்துத் தெருக்களில், சட்டைப்பைக்குள் ஒரு காசை ஓயாது திருப்பிக்கொண்டு நடந்த அவ்விளைஞரின் வழியே வழியாம்.